வாளி காத்த கதவு

என் தங்கை புருஷனைப் பற்றி ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். உலகத்துக்கெல்லாம் கதவு செய்து கொடுத்தவர், சொந்தக் குளியலறைக்குக் கதவு இல்லாதவர். ஆனாலும் இப்படி ஒரு பிறவியும் நடமாடுகிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். தங்கை புருஷன் என்பதால் 'அவர்' என்று போடுகிறேன். மனதுக்குள் என்ன போடுகிறேன் என்பது என்னோடு இருக்கட்டும்.

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மரக்கடையில் தூள் கூட்டிப் பெருக்க வந்து, இன்று கதவு சன்னல் பட்டறைக்கு முதலாளி. இந்த நகரத்தில் நீங்கள் எந்தத் தெருவில் நடந்தாலும் நான் செய்த கதவு ஒன்றாவது உங்களைப் பார்க்கும். சந்தேகம் என்றால் தட்டிப் பாருங்கள், மரம் பதில் சொல்லும்.

மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து பிரேமில் மாட்ட வேண்டும். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதற்குள் ஓர் ஊர் இருக்கிறதாம். அதை உண்டாக்கியவன் வெறும் நிலத்தையும் தண்ணீரையும் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டானாம். வீடு, மரம், நாற்காலி, போட்டுக்கொள்ளும் செருப்பு வரை எல்லாம் உள்ளே போகிறவர்கள் செய்வதுதான். நம் ஆள் அங்கே கதவு செய்கிறார். அவருக்கு அங்கே 'கதவு மாஸ்டர்' என்று பட்டம். உளியைக் கையால் தொடாத மனுஷனுக்கு மாஸ்டர் பட்டம். கேட்டால் என் பட்டறையில் இருக்கிற ரம்பம் சிரிக்கும்.

இங்கே நிஜ வீட்டில் குளியலறைக் கதவு அடியில் உளுத்துப்போய், கீல் பிடுங்கிக்கொண்டு வெகுநாளாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. தங்கை அதைத் தூக்கி நிறுத்தி, உள்ளே தண்ணீர் நிரம்பிய வாளியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் குளிப்பாள். உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமே, அதற்காக விடாமல் பாடுவாள். என் தங்கைதான், இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: குரல் சுமார்தான். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னைக்குக் கச்சேரி சீக்கிரம் முடிஞ்சிடுச்சே" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேலி பேசுவாளாம்.

ஆள் அனுப்பி அரை நாளில் கதவு போட்டுத் தருகிறேன் என்று நான் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. தங்கை சம்மதிக்கவில்லை. கதவு செய்கிற மனுஷன் வீட்டில் இருக்கும்போது அண்ணன் வீட்டுக் கதவு எதற்கு, அவர் கையால் மாட்டட்டும் என்று வீம்பு. பிடிவாதத்தில் அவள் என் கூடப் பிறந்தவள் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஒரு விடுமுறை நாளில் கண்ணாடிக் கடை முதலாளி வீட்டுக்கு வந்திருக்கிறார். மாப்பிள்ளை உட்காரச் சொல்லிவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போய்விட்டார். முதலாளி கை கழுவ எழுந்து போனார். அந்த நேரம் பார்த்துத் தங்கை முகத்துக்குச் சோப்புப் போடப் பாட்டை நிறுத்தியிருக்கிறாள். அவர் கதவைத் தள்ள, வாளி கவிழ, கதவு அப்படியே உள்ளே சாய, அவள் போட்ட கூச்சலில் முதலாளி தேநீரும் குடிக்காமல் தெருவுக்கு ஓடிவிட்டார். மாப்பிள்ளைக்கு எதுவும் கேட்கவில்லை. ஈரத் தலையோடு அவள் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அந்தக் கதவை அவர் கையால மாட்டட்டும், போறேன். இல்லன்னா அவர் அந்த ஊர்லயே குடித்தனம் பண்ணட்டும். நான் இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்ணே" என்றாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். "வாங்க மச்சான்" என்று எழுந்தார், ஒரு கண் திரையிலேயே இருந்தது. சரி, அப்படி என்னதான் கிழிக்கிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

திரையில் அவர் இருபத்தைந்து வயசுப் பையனாக நின்றார். தலை நிறைய முடி. இங்கே உச்சந்தலை வழுக்கையில் மின்விளக்கு தெரிகிறது. அவருக்குப் பின்னால் ஒரு தெரு, இரண்டு பக்கமும் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதமான கதவு. இறக்கை வைத்த பெண் ஒருத்தி வந்து ஒரு கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கோட்டுப் போட்ட நரி ஒன்று அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. எல்லாம் இவரைப் போலவே வேஷம் கட்டி உள்ளே வந்த பிழைப்பற்ற கூட்டம்.

அங்கே பலகை நட்டநடுவில்தான் சுழலுமாம், ராட்டினம் மாதிரி. அதனால் இவர் கதவை இரண்டு மடங்கு அகலத்துக்குச் செய்து, பாதியை வெட்டி மறைத்துவிடுவாராம். அப்போது நடு என்பது ஓரமாகிவிடும், கதவும் ஒழுங்காகத் திறக்கும். இதை அவராகவே கண்டுபிடித்தாராம். பெருமையில் கழுத்து நீண்டுவிட்டது. நான் பாரத்தைப் பற்றிக் கேட்டேன். பாரமே கிடையாதாம். பாரம் இல்லாத கதவைத் தொங்கவிட மாஸ்டர் எதற்கு, ஒரு குருவி போதுமே.

அப்போதுதான் கவனித்தேன், மாடி வீடுகள் எதற்கும் படியே இல்லை. கேட்டேன்.

"அங்க எல்லாரும் பறப்பாங்க மச்சான்."

"பறக்குறவனுக்குக் கதவு எதுக்கு மாப்ள?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தட்டிட்டு வரணும்ல" என்றார்.

எனக்கு அது போதும். "அங்க நரிகூடத் தட்டிட்டு வருது. இங்க உங்க முதலாளி தட்டாம வந்தாரு. தட்டுறதுக்கு என்ன இருந்துச்சு, வாளிதானே?" என்றேன்.

மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். திரையில் அந்த இளம் பையன் அசையாமல் நின்றான், நரி அவனைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் பட்டறைக்கு வந்து பலகை கேட்டார். நல்ல பலகையாகப் பார்த்துக் கொடுத்தேன். கை மட்டும் வைக்க மாட்டேன், தங்கை உத்தரவு என்று சொல்லிவிட்டேன். அடுத்த விடுமுறை நாளில் வேலை ஆரம்பித்தது. வேடிக்கை பார்க்க நானும் போனேன். இந்தக் கூத்தை யார் விடுவார்கள்?

குளியலறை வாசல் நிலையை அளந்தார், மறுபடி அளந்தார். பலகையை ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல், நிலை அளவுக்கே அறுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே அப்படித்தானாம், நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒளி தெரிந்தால் அசிங்கமாம். பிரேமுக்குள் லென்ஸ் இறுக்கமாக உட்கார்ந்து பழகிய கை வேறு. கீலை முடுக்கி, நிமிர்ந்து நின்று கதவைச் சாத்தினார். நிலையில் இடித்து நின்றது. தோளால் தள்ளினார். நிலை முனகியது, கதவு போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பலகை ஏதோ அவரிடம் பொய் சொல்லிவிட்ட மாதிரி.

"அங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிடும் மச்சான்" என்றார்.

"இங்க போகாது" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் தங்கையின் சபதம் கெட்டுவிடும்.

கழற்றினார். என் பட்டறை இழைப்புளியை வைத்துக்கொண்டு எலி சுரண்டுவதுபோல் சுரண்டினார். மாட்டினார், மறுபடி கழற்றினார். கட்டைவிரலில் கொப்புளம் வந்து உடைந்தது. ஒரு மூலையில் சுரண்டிய சுரண்டலில் பல்லி குடும்பத்தோடு போய்வரலாம். ஆனால் கீழே இன்னும் தரையில் உரசியது. திறக்கும்போதும் மூடும்போதும், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற மாதிரி ஒரு சத்தம். தாழ்ப்பாளைக் கோணலாக அடித்தார். ஆனால் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. என் ஆயுசில் இவ்வளவு கேவலமான கதவை நான் பார்த்ததில்லை.

தங்கையை வரச் சொன்னோம். அவள் பையை வாசலிலேயே வைத்தாள். கதவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவருடைய கட்டைவிரலைப் பார்த்தாள். துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், தோளால் இடித்துக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நாங்கள் இருவரும் கூடத்தில் நின்றோம். பாட்டு வரவில்லை.

"பாடலையே மச்சான், கோபமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்குப் பாடணும்? அதான் தாழ்ப்பாள் இருக்கே" என்றேன். இது புரியக்கூட இவருக்கு ஆள் வேண்டும்.

அவள் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலுக்குப் போய்ப் பையை எடுத்து உள்ளே வைத்தாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாப்பிள்ளை அந்த உரசல் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, அந்த ஊர்க் கதவு ஒன்றுக்கு வைத்துவிட்டாராம். மற்ற கதவுகளையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கூட்டம் முழுக்க அதற்குத்தான் வரிசையில் நிற்கிறதாம். நிஜக் கதவு மாதிரியே இருக்கிறதாம். என் பட்டறையில் அந்தச் சத்தம் வந்தால் செய்தவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

மானம் போகிறதே என்று, அடியை இழைத்துக் கொடுத்துவிட்டு வா என என் ஆளை அனுப்பினேன். தங்கை அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்லு, இந்த வீட்டுக் கதவுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு."

அந்தக் கதவுக்குப் பலகை கொடுத்தவன் நான் என்று இதுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.