வீட்டு விலைக்காக அம்மா நடந்த நடை

மழைக்காலத்தில் பசியாவரத்தில் எங்கள் வீட்டுக்குள் ஏரி வந்துவிடும். அதனால்தான் அனுப்பம்பட்டில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். இன்று அம்மா, நைனா, நான் மூன்று பேரும் மறுபடியும் அங்கே போனோம்.

விற்பவர் அதைச் சில மாதங்களுக்கு முன்புதான் பழைய வீடாக வாங்கினார். டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து, இப்போது பெரிய விலை சொல்கிறார். வங்கியின் மதிப்பீடு அதைவிடக் குறைவு. கடனும் அதை வைத்துத்தான் கிடைக்கும். இடையில் உள்ள தொகைக்கு எங்களுக்கு வழியில்லை.

“பேங்க்ல சொன்ன வெலைக்கே முடிச்சிக்கலாம்ணே,” என்றார் அம்மா.

“இன்னாக்கா, டைல்ஸப் பாத்தியா? பளபளன்னு கீது!”

“ஐஸ் போட்டா நேத்து மீனு இன்னிக்கு மீனா ஆய்டுமாண்ணே?”

அவர் சிரித்தார். விலையை மட்டும் குறைக்கவில்லை.

அம்மா தெருவில் இறங்கி நடந்தார்.

அம்மா மீன் விற்பவர். விலை கேட்டுவிட்டு நகர்கிறவர்களைத் தினமும் கூப்பிட்டுப் பழகியவர். இன்று அவரே நகர்ந்தார்.

“வுட்டா வேற யாருனா வாங்கிடுவான்,” என்று நைனா தயங்கினார்.

“திரும்பாதய்யா. நட.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தெருமுனையில் பின்னாலிருந்து குரல் கேட்டது. “யக்கா, நில்லுக்கா! பேங்க் வெலையே குடு!”

அப்போதும் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகத்தான் திரும்பினார். கடன் அவர் பெயரில்தான் வாங்கப் போகிறோம்.

அந்த வீட்டில் ஜன்னல் வைத்த அறை எனக்கு வேண்டும். அம்மாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று கீழே எழுதுங்கள்.