கண்ணைக் கசக்காதே, அருளப்பா

தோட்டத்து டிஸ்பென்சர் வேலையில், வயிற்றுக்குக் கொடுக்கிற மருந்தை ஒரே ஆளாக நின்று கொடுத்துவிடலாம். கண்ணில் விடுகிற மருந்துக்கு நாலு பேர் வேண்டும். ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் தலையைப் பிடிக்க, நாலாவது ஆள் சொட்டு விட. கண்ணைக் கசக்குகிற பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என் கட்சிதான்.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகிற பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு உத்தியோகம். இலங்கையில் மழைக்குப் பேர்போன சப்ரகமுவை மாகாணத்தில் அது கொஞ்சம் காய்ந்த மூலை. தை, மாசி வந்தால் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். நிழல் போய்விடும். ரோட்டுப் புழுதி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து அடுப்படி வரைக்கும் வரும். அப்புறம் மரம் தளிர்விட்டுப் பூக்கும். அந்த நாட்களில் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருவார்கள்.

யாருக்குச் சொட்டு

வந்தவர்களில் முதல் ஆள் எப்போதும் அருளப்பன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற சவரியம்மாளின் மகன், ஏழெட்டு வயது இருக்கும். வெயிலைப் பார்க்க முடியாமல் முகத்தைச் சுருக்கி, புறங்கையால் கண்ணைத் தேய்த்தபடியே நடந்து வருவான். கண்ணின் வெள்ளைப் பகுதி செங்கல் நிறத்தில் இருக்கும். பீளை மற்றப் பிள்ளைகளுக்கு வருகிற மாதிரி இராது. பிடித்து இழுத்தால் நூல் மாதிரி நீளமாக வரும். மேலிமையைப் புரட்டினால் உள்பக்கம் அன்னாசித் தோல் போலக் கட்டி கட்டியாகப் புடைத்திருக்கும். "எப்படிடா இருக்கு?" என்று கேட்டால், "சொறிஞ்சா சொர்க்கமா இருக்குங்க ஐயா. அப்புறந்தான் கஷ்டம்" என்பான்.

ஒரு நாள் அவனுக்குச் சொட்டு விடுவதற்குத் தலையைப் பிடிக்கக் கங்காணி கறுப்பையாவைக் கூப்பிட்டேன். பெரிய மீசைக்காரர், அதட்டினால் லயமே அடங்கும். நான் சொட்டுக் குழாயை நீட்டிய நேரத்தில் பயல் விலாங்கு மீன் மாதிரி நழுவினான். சொட்டு நேராகக் கங்காணியின் கண்ணில் விழுந்தது. அந்த மருந்து கொஞ்சம் எரியும். கங்காணி வாசலில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடினார். பிடி விட்டுப்போன அருளப்பன் ஓடவில்லை. நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சொன்னான்: "ரெண்டாவது சொட்டையும் அவருக்கே விட்டுருங்க ஐயா, அவருக்குத்தான் ரொம்பச் செவந்திருக்கு."

தனிக் காம்பரா

அந்த வருஷம் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு சின்னதுரை, அதாவது துணை மானேஜர், வந்திருந்தார். லயத்துப் பக்கம் வந்தவர் அருளப்பன் கண்ணைப் பார்த்ததும் இரண்டு எட்டுப் பின்வாங்கினார். "டிஸ்பென்சர், இது தொத்துற சீக்கு. எல்லார் கண்ணும் போனா பால் யார் வெட்டுறது? இந்தப் பையன், இவன் அம்மா, ரெண்டு பேரையும் பழைய ஸ்டோர்க் காம்பராவுல தனியா போடு" என்றார். பழைய ஸ்டோரின் கூரைத் தகரம் பாதி போய்விட்டது. உள்ளே வௌவால் குடித்தனம். சவரியம்மாள் வேலைக்கும் போக முடியாது, அன்றைய கூலிக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது.

நான் எனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். இது தொத்து இல்லை, காய்ச்சல் காலத்துக் கண்ணோவு வேறு, இது காய்ந்த காற்றும் புழுதியும் பூந்தூளும் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் வருவது, இவனோடு ஒரே பாயில் படுக்கிற தங்கச்சிகளின் கண் பளிங்காக இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். சின்னதுரை தலையை ஆட்டினார், ஆனால் கேட்கவில்லை. நான் சொல்லும்போதே கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார், தும்மினார், கண்ணைக் கசக்கினார், மறுபடி தும்மினார். தோட்டத்துக்கு வந்ததிலிருந்தே அவருக்கு அப்படித்தான். அன்றோடு அவர் ஸ்டோர் பேச்சை விட்டுவிட்டார். அதற்குக் காரணம் என் வைத்தியப் பேச்சு இல்லை. இத்தனை நேரமும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சவரியம்மாள், அவருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "துரைக்கும் கண்ணு செவந்துதானுங்களே இருக்கு, அவங்கள எந்தக் காம்பராவுல போடுவாங்க?"

வெங்காயக் கண்

வெளிச்சம் கூசாமல் இருக்க அருளப்பனுக்கு ஒரு தொப்பி தேவைப்பட்டது. பெரியதுரையின் அம்மா கழித்துப்போட்ட அகன்ற வைக்கோல் தொப்பி ஒன்றை பங்களாவில் சமைக்கிற அப்பு கொடுத்தான். ஒரு பக்கம் துணிப் பூ ஒன்று தொங்கும். பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி, ஜன்னலிலிருந்து தள்ளி இருட்டான மூலையில் அவனுக்கு இடமும் வாங்கினேன். அந்த மூலையில் இருந்தால் வாத்தியார் கண்ணில் பட மாட்டோம் என்பதை மற்றப் பிள்ளைகள் உடனே கண்டுகொண்டார்கள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடமே கண்ணைக் கசக்கிக்கொண்டு என் வாசலில் நின்றது. வாத்தியார் பயந்துபோய்ப் பின்னால் வந்தார். எல்லாக் கண்ணும் சிவப்பு, எல்லாக் கண்ணிலும் தண்ணீர். ஆனால் வாசல் முழுக்கச் சின்ன வெங்காய வாசனை. நான் ஒன்றும் தெரியாதவன் போல, "ஒவ்வொருத்தர் இமையையும் புரட்டிப் பார்க்கப்போறேன், கொஞ்சம் வலிக்கும்" என்றேன். வரிசை கலைந்து லயத்துப் பக்கம் ஓடியது. ஒரே ஒரு பெண் பிள்ளை மட்டும் நின்றாள். கையில் பாதி வெங்காயத்தை இன்னும் பிடித்தபடி கேட்டாள்: "எனக்கு வெங்காயக் கண்ணுதாங்க ஐயா, அதுக்குப் பூ வெச்ச தொப்பி கெடைக்காதுங்களா?"

புழு எடுப்பவன்

இதுவரை சொன்னதில் யாருக்கும் சேதமில்லை. இனிச் சொல்வது அப்படி இல்லை. நூல் நூலாக வருகிற பீளையைப் பார்த்து லயத்தில் யாரோ, "அது பீளை இல்ல, கண்ணுக்குள்ள புழு" என்று சவரியம்மாளிடம் சொல்லிவிட்டார்கள். பெல்மதுளைக் கடைத்தெருவில் கண் புழு எடுக்கிறவன் ஒருவன் வந்து தங்கியிருப்பதாகவும் சொன்னார்கள். பாவம், அவளும் எவ்வளவு நாள்தான் என் சொட்டையும் ஈரத்துணியையும் நம்பியிருப்பாள்? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கேள்விப்பட்டு நான் சைக்கிளில் ஓடினேன்.

காதர் நானாவின் கடை விறாந்தையில் கூட்டம். வெளியூர்க்காரன் ஒருவன் நாணல் குழல் ஒன்றைக் கண்ணோரம் வைத்து வாயால் உறிஞ்சி, வாழையிலையில் வெள்ளைப் புழுவைத் துப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். அருளப்பனின் இடது கண்ணில் வேலையை முடித்து, "முட்டை சாகணும்" என்று புகையிலைச் சாறும் விட்டுவிட்டான். பையன் தரையில் புரண்டு கத்திக்கொண்டிருந்தான். கண்ணைத் திறக்கவைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சவரியம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டமும் என் பக்கம் இல்லை. "புழு வந்திச்சே, எங்க கண்ணால பாத்தோமே" என்றார்கள். வலது கண்ணுக்கும் செய்துவிட வேண்டும் என்றார்கள்.

அப்போதுதான் காதர் நானா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "மொதல்ல எனக்குப் பாருங்க தம்பி. எனக்கும் இந்தப் பக்கம் ரொம்ப நாளா அரிப்பு ஈக்குது" என்று வலது கண்ணைக் காட்டி உட்கார்ந்தார். புழுக்காரன் குழலை வைத்தான், உறிஞ்சினான், துப்பினான். கொழுத்த புழு. இன்னொன்று. கூட்டம் "ஆ" என்றது. நானா நிதானமாகக் குனிந்து, வலது கண்ணைக் கழற்றி வாழையிலையில் புழுக்களுக்குப் பக்கத்தில் வைத்தார். இளவயதில் மாணிக்கக் கல் பட்டை தீட்டும்போது சில்லுத் தெறித்துப் போன கண் அது; இப்போது இருந்தது கொழும்பில் போட்டுவந்த கண்ணாடிக் கண். நல்ல வேலைப்பாடு, ஊர்க்காரர்களுக்கே மறந்துபோயிருந்தது. புழுக்காரன் சாமானைக் கட்டத் தொடங்கினான். நானா அவன் தோளைத் தட்டிச் சொன்னார்: "நீங்க போங்க, புழுவ மட்டும் வெச்சிட்டுப் போங்க தம்பி. கண்ணாடி திங்கிற புழு இந்த ஊர்ல வேற எங்கயும் ஈக்காது."

மீசைக்கு மருந்து

மறுநாள் அருளப்பனின் இடது கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. அவனையும் தாயையும் இரத்தினபுரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணைக் கட்டி ஆசுபத்திரியில் வைத்துக்கொண்டார்கள். கட்டை அவிழ்த்தபோது புள்ளி மங்கிப்போயிருந்தது. டாக்டர் விரல்களைக் காட்டிக் கேட்டார், பையன் சரியாகச் சொன்னான். தாய் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். டாக்டர், "கசக்காமப் பாத்துக்கம்மா, குளிர்ந்த துணி வை. மீசை முளைக்கிற வயசில இந்த அரிப்பு தானாப் போயிரும்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துவிட்டுச் சவரியம்மாள் கேட்டாள்: "மீசை சீக்கிரம் முளைக்க ஏதாச்சும் மருந்து வெச்சிருக்கீங்களாங்க?"

அதைப் பயலும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அடுத்த நாள் காலையில் அடுப்புக்கரியில் காது வரைக்கும் மீசை வரைந்துகொண்டு என் முன்னால் வந்து நின்றான். அரிப்பு அதற்கு மசியவில்லை. இன்னும் சில வறட்சிகள் தொப்பியும் ஈரத்துணியும் நாலு பேர் பிடியுமாகத்தான் போயின. பிறகு டாக்டர் சொன்னது நடந்தது. மரம் இலை கொட்டியது, பூத்தது, அவன் வரவில்லை.

போன மாதம் வந்தான். இப்போது அவனும் பால் வெட்டுகிறான், நல்ல கறுத்த மீசை. நான் பழக்கதோஷத்தில் அவன் மேலிமையைப் பிடித்துப் புரட்டப் போனேன். அவன் துணி சுற்றிய விரலை நீட்டிச் சொன்னான்: "கத்தி கையிலதாங்க பட்டுச்சு ஐயா, கண்ண விட்டுருங்க."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் எனக்கு விளங்கியது, பிள்ளைகளின் கண் அரிப்பை வயது வந்து குணப்படுத்திவிடும் என்பதும், அந்த வயது வருகிறவரை பெரியவர்கள் அந்தக் கண்ணில் கண்டதை ஊற்றாமல் காவல் நிற்கத்தான் தோட்டம் எனக்குச் சம்பளம் கொடுத்தது என்பதும்தான்.