கட்டுகஸ்தோட்டையில் உதறிய எழுத்துகள்

போர் உச்சத்தில் இருந்த காலத்தில் போன வேலைப் பயணம் இது. கணினியால் ஓடும் இயந்திரங்களைத் திருத்துவது என் தொழில். கட்டுகஸ்தோட்டையில் பெயர்த்தகடு வெட்டும் நசீர் நானா ஒரு நாள் போனில் கோல் எடுத்தார்.

“தம்பி, மெஷின் நேரா போகக்குள்ள நல்லாத்தான் போகுது. எழுத்து வளையுற எடத்துலதான் உதறுது.”

இரண்டு பித்தளைத் தகடுகள் பாழாம். மறுநாளுக்குள் ஒன்று கட்டாயம் வேண்டுமாம். “ஓம் நானா, வாறன்” என்றேன்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு நூற்றுப்பதினைந்து கிலோமீட்டர். மழையாலும், இரண்டு இடங்களில் எல்லோரையும் இறக்கிச் சோதித்ததாலும் ஐந்து மணித்தியாலம் ஆனது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கட்டுகஸ்தோட்டை பஸ் எடுத்தேன். பாலத்துக்கு முன்னால் மூன்றாவது இராணுவச் சோதனை. பையில் மோட்டர்களை இயக்கும் மின்சுற்றுப் பலகையும் வயர்களும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன், எடுபடவில்லை. நானாவுக்கு அழைக்க மட்டும் விட்டார்கள்.

அவர் ஓட்டோவில் வந்தார். கூடவே வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு சிங்களவர், தகட்டுக்காகத் தெல்தெனியப் பக்கமிருந்து வந்து காத்திருந்தவர். அவர் சிப்பாயிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: “இவர் என் மகனுடைய பேரை வெட்ட வந்தவர். விடுங்க.”

பலகையைத் திருப்பித் தந்தார்கள்.

அவருடைய மகன் இராணுவத்தில் இருந்து வடக்கில் இறந்தவன் என்று வழியில் நானா சொன்னார். மகன் நினைவாக ஊரில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டியிருந்தார் தகப்பன். மறுநாள் பிக்குகளுக்குத் தானம் கொடுத்துத் திறக்க இருந்தது. ஓட்டோவில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பாழான தகட்டில் சதுரக் கரை சுத்தமாக இருந்தது. ஆகவே மோட்டரில் பிழையில்லை. சிங்கள எழுத்தோ முழுக்க வளைவு. ஒவ்வொரு வளைவையும் கணினி நூற்றுக்கணக்கான குட்டிக் கோடுகளாக அனுப்ப வேண்டும். அந்தப் பழைய கணினி கூடவே வைரஸ் தடுப்பானையும் ஓட்டிக்கொண்டு, வெட்டும் பாதையைத் திரையிலும் வரைந்துகொண்டிருந்தது. அடுத்த கட்டளை பிந்தும்போதெல்லாம் மோட்டர் நின்று, பிறகு பாய்ந்தது. இரண்டையும் நிறுத்தினேன். எழுத்துகளில் தேவையில்லாத புள்ளிகளை நீக்கி, வேகத்தையும் குறைத்தேன். மரத்துண்டில் ஓட்டினால் ஒரு எழுத்து இன்னும் உதறியது. அதில் மேலும் புள்ளிகளைக் குறைத்த பிறகுதான் பித்தளையை வைத்தேன்.

தகப்பன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பெயர் வெட்டியானதும் முதன்முறையாக என்னிடம் பேசினார். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று எளிய சிங்களத்தில் கேட்டார். அம்மா மட்டும்தான், தம்பி இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது என்றேன்.

“தம்பிட பேரென்ன?”

“சுகந்தன்.”

அவர் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். தகடு முடிந்ததும் அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

இப்படி வேலைக்குப் போகிறவர்களுக்கு: மோட்டரைக் கழற்றுமுன் கணினியில் வேறு என்னவெல்லாம் ஓடுகிறது என்று பாருங்கள். கண்டிக்குக் காலையிலேயே போய்ச் சேருங்கள். உதிரிப்பாகங்களைக் கையில் கொண்டுபோகாமல், பட்டறைக்காரரையே கண்டியில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தெல்தெனிய வீதியில் இப்போது நல்ல பஸ் ஓடுகிறது என்கிறார் நானா. அந்தத் தரிப்பிடத்தைப் பார்த்துவர இரண்டு தடவை கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.