விலை குறையுமா என்று அம்மனைக் கேட்டவன்

மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நகல் எடுக்க மட்டும் வருவதில்லை, யோசனை கேட்கவும் வருகிறார்கள். பட்டாவுக்கு எங்கே மனு கொடுப்பது, போட்டோவில் காது தெரிய வேண்டுமா, மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. தெரியாததற்கும் உண்டு. ஊருக்கெல்லாம் இப்படி யோசனை சொல்லிக்கொண்டிருந்த நான்தான், ஒரு வீட்டை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு வருடத்துக்கும் மேலாகத் திரிந்தேன்.

ஆரம்பித்து வைத்தவர் மலைமேல் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம்.

"ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஹோம் ஸ்டே போடலாம்னு பையன் சொல்றான்."

"எப்பங்க காலி பண்ணோணும்?"

"அவசரமே இல்லீங்க. நீங்க பாட்டுக்கு இருங்க. நாங்க பெயிண்ட் மட்டும் அடிச்சுக்கறோம்."

அடித்தார்கள். நாங்கள் உள்ளே இருக்கும்போதே முன்னறைக்கு ஆரஞ்சு நிறம் வந்தது. அடுத்த மாதம் வாசலில் ஒரு மரப்பலகை, அதில் பெரிய எழுத்தில் வரவேற்பு. ஒரு காலையில் தொப்பி போட்ட வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் சமையலறைக் கதவருகே வந்து நின்று இரண்டு டீ கேட்டார். என் மனைவி போட்டுக் கொடுத்தாள். இஞ்சி தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் மனைவியின் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அவளுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. கல்யாணமான புதிதில் வாந்தியோடு போனது. வயது ஏற ஏற, காதுக்குள் ஏதோ கோளாறு என்று டாக்டர் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. அந்த எழுபது வளைவுகளையும் ஒரு முறை இறங்கினால் இரண்டு நாள் படுக்கை. திரும்ப ஏறினால் இன்னும் இரண்டு நாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பாள், கட்டில் இன்னும் பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருப்பதைப் போல. தங்கை மகள் கல்யாணத்தைக்கூடப் போனில்தான் பார்த்தாள். தாலி கட்டும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

"கீழே போயிரலாம்" என்றேன், பெயிண்ட் வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்து.

"போலாம். ஆனா வாடகைக்கு வேண்டாம். இன்னொருத்தர் வந்து நம்ம ஊட்டுக்குள்ள பெயிண்ட் அடிக்கறதை என்னால பார்க்க முடியாது. சொந்தமாப் பாருங்க."

"சரி, ஞாயித்துக்கிழமை வா, பார்த்துட்டு வரலாம்."

"நான் ஒருக்காத்தான் எறங்குவேன். எறங்கினா ஏறமாட்டேன். பார்க்கறதுக்கு ஒருக்கா, பேசறதுக்கு ஒருக்கா, பால் காய்ச்சறதுக்கு ஒருக்கான்னு என்னைய இழுத்துட்டுத் திரியாதீங்க. நீங்க முடிச்சுட்டுச் சொல்லுங்க, வாரேன்."

"எப்படி ஊடு வேணும், அதையாவது சொல்லு கண்ணு."

"தரை ஆடாம இருந்தாப் போதும்."

ஆக, தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அவள் வாழ்க்கையில் மிச்சமிருப்பதையெல்லாம் கழிக்கப் போகிற இடத்தை, அவள் பார்க்காமலே. எனக்கு நடுக்கம் அன்றே பிடித்துக்கொண்டது. நடுங்குகிறவன் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

மலையடிவாரத்தில், காரவள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், முன்பு சோளம் விளைந்த காட்டில், ஒரு புது நகர் போட்டிருந்தார்கள். பெரிய ரோடு வரப்போகிறது, கல்லூரி வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில் போட்டது. அப்போது ஞாயிறுதோறும் வேன் வேனாக ஆட்களைக் கூட்டி வந்து பிரியாணி போட்டார்களாம். பிறகு ரோடு வரவில்லை. கல்லூரி வரவில்லை. பிரியாணியும் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நுழைவு வளைவு மட்டும் கம்பீரமாக நின்றது. மனைக்கற்களில் கட்டிய கொடிகள் வெளுத்து, எந்தக் கட்சி என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்திருந்தன. சிறுவர் பூங்கா என்று எழுதிய இடத்தில் வெள்ளாடுகள் மேய்ந்தன. தெருவிளக்குக் கம்பங்கள் இருந்தன. விளக்குகள் பின்னால் வரும் என்றார்கள்.

அங்கே கட்டி முடித்து நின்றவை ஏழெட்டு வீடுகள். அதில் ஒன்றைக் கட்டியவர் காரவள்ளிப் பக்கத்து மேஸ்திரி. விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையில் சொந்தமாகக் கட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் போன முதல் நாள் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதற்குப் பிறகு அந்த இரண்டாவது நாற்காலி எனக்காகவே அங்கே கிடந்தது.

வீடு எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. அதை முகத்தில் காட்டக்கூடாதே என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தேன். எதற்குத் தட்டுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சமையல்கட்டு சின்னதா இருக்குதுங்களே" என்றேன்.

"ஏனுங்ணா, உள்ள கயித்துக் கட்டிலே போடலாம்."

"போட்டோவுல பார்த்து எங்க வீட்டுக்காரிக்கே பிடிக்கலைங்க." போட்டோவே அனுப்பவில்லை.

"நேத்து ரெண்டு பார்ட்டி வந்து பார்த்துட்டுப் போனாங்க" என்றார் அவர். அந்த மண் ரோட்டில் முந்தின நாள் மழைக்குப் பிறகு என் வண்டித் தடத்தைத் தவிர வேறு தடமே இல்லை.

இப்படியே வாராவாரம் போய்க்கொண்டிருந்தது. நான் போகும்போதெல்லாம் அவர் விலையில் கொஞ்சம் குறைத்தார். குறைக்கக் குறைக்க எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்ததோ பயம். இன்றைக்கு வாங்கினால் அடுத்த மாதம் இன்னும் குறைந்து நான் முட்டாளாவேன். வாங்காமல் இருந்து திடீரென்று அந்த ரோடு வந்துவிட்டாலும் முட்டாளாவேன். இந்த இரண்டு முட்டாள்களில் எவன் கொஞ்சம் கௌரவமானவன் என்பதுதான் என் கவலையாக இருந்தது. கடையில் ஒரு பக்கத்துக்குப் பதில் பத்துப் பக்கம் நகல் எடுத்துத் தள்ளினேன். ஆதார் அட்டையின் பின்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

"பூப் போட்டுக் கேட்டுருங்க" என்றாள் மனைவி.

எங்கள் பக்கத்தில் மாடு வாங்குவதானாலும் பெண் கொடுப்பதானாலும் இதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டுவிட்டு, கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்க வேண்டும். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் கொடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பிறகு அதில் பேச்சே கிடையாது.

போனேன். கண்ணை மூடினேன். 'அந்த வீட்டை வாங்கலாமா தாயே' என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் போயிருந்தேன். ஆனால் மாதக்கணக்காக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு கேள்வி. அது முந்திக்கொண்டது. 'இன்னும் விலை குறையுமா தாயே?'

வெள்ளை வந்தது.

"உத்தரவு ஆயிப்போச்சு சாமி! தைரியமா வாங்குங்க!" என்று பூசாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூக் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, "ஊடு விசயந்தானுங்களே?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஊடு விசயம்தானே.

நான் பைக்கில் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவி பரண்மேல் இருந்த பாத்திரங்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மனே சொல்லிருச்சாமே!"

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மன் வாங்கச் சொல்லவில்லை, பொறுக்கச் சொல்லியிருக்கிறாள் என்று. மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. நானும் ஒரு குண்டாவை எடுத்துத் துடைத்தேன்.

அடுத்த ஞாயிறு மேஸ்திரி இன்னும் கொஞ்சம் குறைத்தார். அம்மன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். என்னைப் பிடித்த கிறுக்கு இப்போது முற்றிவிட்டது. எனக்கென்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஒரு தெய்வமே இருக்கும்போது அவசரம் என்ன? பொறுத்தேன். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்க வருகிறவர்கள்கூடக் கடை வாசலில் நின்று விசாரித்தார்கள்.

"என்னங்க, அம்மன் உத்தரவு கொடுத்தும் இன்னும் மேலயே இருக்கறீங்க?"

"பத்திரம் எழுதணுமில்லீங்க" என்பேன்.

"சாமி சொன்னதுக்கப்புறம் பத்திரம் என்னத்துக்குங்க?"

வீட்டில் பாத்திரங்கள் சாக்குக்குள் போயின. பிறகு துணிகள். கடைசியில் வெளியே இருந்தவை ஒரு குக்கர், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். தினமும் அதைக் கழுவி அதிலேயே சாப்பிட்டோம். ஞாயிறு சாயங்காலம் நான் வந்ததும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். "பேசிட்டிருக்கோம்" என்பேன். திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வாள். உள்ளறைக்கும் ஆரஞ்சு அடித்துவிட்டார்கள். சனி, ஞாயிறுகளில் மாடியில் தங்க வந்தவர்கள் பாட்டுப் போட்டு ஆடினார்கள். எனக்கு இரவும் பகலும் ஒரே அசதி. ஒரு வேலையும் செய்யாமலே வருகிற அசதி. அது தூங்கினாலும் போகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மேஸ்திரியும் வழக்கம்போல நாற்காலிகளில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் அக்கறையில்லாத மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வீட்டுக்காரி வேண்டவே வேண்டாம்னுட்டாங்க" என்று நான் புது ரவுண்டை ஆரம்பித்தேன். "சமையல்கட்டைத்தான் சொல்லிட்டே இருக்கா."

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

நுழைவு வளைவுக்குக் கீழே என் மனைவி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் குக்கர் வைத்த பை, இன்னொரு கையில் எலுமிச்சம்பழம். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நேராக நடக்க முடியாமல், ஒவ்வொரு மனைக்கல்லாகப் பிடித்துப் பிடித்து வந்தாள். நான் ஓடிப்போய்த் தாங்கினேன்.

"ஏங்கண்ணு... ஏன் இப்படித் தனியா..."

"அம்மன் சொல்லியும் நீங்க எந்திரிக்கலை. நான் எந்திரிச்சுட்டேன்" என்றாள். அதற்குள் ஓங்கரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு, "எதுங்க நம்ம ஊடு?" என்று கேட்டாள்.

மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கதவைத் திறந்துவிட்டார். அவள் உள்ளே போய்ச் சமையல்கட்டில் நின்றாள். சன்னலைத் திறந்தாள்.

"நல்லா விசாலமா இருக்குதுங்களே" என்றாள் அவரிடம்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். அவர் சிரிக்காததற்கு இன்றைக்கும் நன்றி.

மாதக்கணக்காக நான் நடத்திய பேரம் அத்தோடு முடிந்தது. அவள் இறங்கிவிட்டாள். இனி ஏற மாட்டாள். அன்று ராத்திரி அவளைத் திரும்பக் கூட்டிப்போக முடியாது என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்கும் தெரிந்துவிட்டது. கடைசியாக அவர் சொன்ன விலைக்கே சரி என்றேன். அவரும் அதற்குமேல் ஏற்றவில்லை. தன் வீட்டிலிருந்து பாயும் தலையணையும் கொண்டுவந்து போட்டார். பத்திரத்துக்கு முன்னாலேயே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் அவரும் அவர் மனைவியும், என் மனைவியின் தங்கை வீட்டாரும்தான். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க அக்கம்பக்கம் இல்லை. மீந்த பாலில் இரண்டாம் தடவை டீ போட்டோம். டீயை ஆற்றிக்கொண்டே மேஸ்திரி சொன்னார்.

"நானும் பூப் போட்டுக் கேட்டனுங்ணா. இங்க கீழ எங்க சாமிகிட்ட. விலையைக் குறைக்கட்டுமான்னு. செவப்பு வந்துச்சு, குறைக்காதேன்னு."

"அப்புறம் வாராவாரம் குறைச்சீங்களே?"

"என்ன பண்றது, ஊட்டுல இவ குறைச்சுக் கொடுத்துத் தொலைன்னுட்டா." அவர் மனைவி டம்ளரைக் கீழே வைக்காமலே அவரை முறைத்தாள்.

மேலே இருக்கிற தெய்வமும் கீழே இருக்கிற தெய்வமும் கொஞ்சம் கலந்து பேசியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் இத்தனை ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு, அம்மனிடம் நான் உண்மையில் என்ன கேட்டேன் என்பதை மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"பூக் கேட்டுட்டு வந்த மூஞ்சியிலயே தெரிஞ்சுதே. வாங்கறவன் மூஞ்சியா அது?"

"தெரிஞ்சுமா பாத்திரத்தைக் கட்டின?"

"நீங்க என்னத்தையோ கேட்டீங்க. வந்தது வெள்ளைப் பூத்தானே."

எதிர்வரிசையில் இருக்கிற இதே மாதிரி வீட்டை இப்போது எங்களைவிடக் குறைச்சலாகச் சொல்கிறார்கள். எனக்கு அது எவ்வளவு என்று தெரியும், அவளிடம் சொல்வதில்லை. தெருவிளக்கு இன்னும் வரவில்லை. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடையைக் கீழே மாற்றலாம் என்றால், ஆடுகள் ஜெராக்ஸ் எடுப்பதில்லை. அதனால், பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டாது என்று, தினமும் காலையில் முதல் பஸ்ஸில் நான் மலை ஏறுகிறேன், சாயங்காலம் இறங்குகிறேன். இந்த வயதில் பஸ்ஸில் அந்த வளைவுகள் எனக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. போன வாரம் பஸ்ஸை விட்டு இறங்கி, மனைக்கல்லைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

அவள் என்னைக் கூடத்துத் தரையில் படுக்க வைத்துக் கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தாள்.

"கண்ணை மூடாதீங்க. உள்ளங்கையைத் தரையில வைங்க. அழுத்தி வைங்க. ஆடுதா?"

"ஆடுது."

"கொஞ்ச நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.