மடிப்பில் இருந்த வெள்ளி ரூபாய்

எங்கள் அப்பா 1983இல் மறைந்தார்; இப்போது ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் புரட்டும் உறவினர்களில் பலர் இதில் எதைத் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். எழுதலாமா என்று அண்ணனிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

அப்பா பிள்ளைப்பாக்கத்தில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். பெரியப்பா வீட்டில் மாடு மேய்த்துக்கொண்டே படித்து, போர்க்காலத்தில் ஒரு துறைமுகத்தில் பயணிகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தார். வெள்ளி ரூபாயைக் கப்பலில் கொண்டுபோகக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடை விதித்திருந்த காலம் அது. புடவை ஓரம், தலையணை, குடைக் கைப்பிடி என்று எங்கே ஒளித்தாலும் அப்பாவின் விரல்கள் கண்டுபிடித்துவிடுமாம். சுதந்திரத்துக்குப் பின் வேலையை விட்டு ஊர் திரும்பிப் பயிர் செய்தார். கைசுத்தமானவர் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

ஊர் அதை நம்பவில்லை. என் மகனுக்குத் தாய்வீட்டு வெள்ளி அரைஞாண் போடாமல் அப்பா கறுப்புக் கயிறு கட்டியபோது, மாமியார் எல்லார் முன்பும் கேட்டார்: "இன்னா சம்பந்தி, கப்பல்ல புடிச்ச வெள்ளிய பேரனுக்குக்கூட காட்ட மாட்டீங்களா?" அப்பா சிரித்து மழுப்பினார். அன்று முதல் எனக்கும் சந்தேகம்.

அவர் படுக்கையில் விழுந்ததும் பணிவிடைக்கு வந்தேன். ஒரு மத்தியானம், அவர் தூங்குகிறார் என்று நினைத்துத் தலையணையின் தையலைத் தடவிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, என்னையே செக் பண்றியா?" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஓரத்தத் தடவுற, மடிப்ப வுட்டுட்டியே."

அவமானத்தில் அழுதேன். "புள்ளைக்கு ஏம்ப்பா கயிறு கட்டினீங்க? இன்னும் குத்திக் காட்டிக்கினே இருக்காங்க."

அப்போதுதான் சொன்னார். கப்பலேற நின்ற ஒரு பெண்ணின் கைக்குழந்தை இடுப்பில் வெள்ளி ரூபாய் கட்டியிருந்ததாம். "மூணு புள்ள தங்கல சாமி, இதாவது நிக்கணும்னு வேண்டிக்கினு கட்டினது" என்று காலில் விழுந்தாளாம். மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்பா கயிற்றை அறுத்துவிட்டார்.

"கப்பல் பூடுச்சி. அந்தப் புள்ள நின்னுதா இல்லியான்னு தெரியல. அப்பாலேந்து எந்தப் புள்ள இடுப்புலயும் வெள்ளியப் பாக்க முடியல."

"காசு?"

"ஆபீஸ்ல குடுத்துட்டேன்."

இதைச் சொல்லும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினாறாம் நாள் உறவினர் முன்னிலையில் அவருடைய பெட்டியைத் திறந்தோம். ஊர் சொன்ன புதையல் இல்லை. பழைய காக்கிச் சட்டையை எடுத்து, இந்த முறை மடிப்பைத் தடவினேன். வளையம் பற்றவைத்த ஒரே ஒரு வெள்ளி ரூபாய் கிடைத்தது. அறுந்த கயிறு அதிலேயே இருந்தது.

அதை அவர் ஏன் ஒப்படைக்கவில்லை? ஆசையா, திருப்பிக் கொடுக்கும் எண்ணமா? ஒருநாள் ஒன்றை நம்புகிறேன், மறுநாள் மற்றதை. மகனுக்குக் காய்ச்சல் கண்டால் அந்தக் காசு வீட்டில் இருப்பதே பயமாக இருக்கிறது.

அப்பாவை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு வண்டிகட்டி அழைத்துச் சென்ற பக்கத்து நிலத்துக்காரருக்கும், முகம் சுளிக்காமல் கஞ்சி ஊட்டிய அண்ணிக்கும் எங்கள் நன்றி. இதைப் படிப்பவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். கடல் கடந்து போய்வந்த உங்கள் உறவில், குழந்தையாக இருந்தபோது தன் இடுப்புக் காசைத் துறைமுகத்தில் அறுத்து எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்பவர் இருந்தால், எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். அவருக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். இருக்க வேண்டும்.