முனியாண்டி வளைவில் பத்து நிமிடம்

வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹாலிஎலைக்கு இறங்கும் பாதையில் பதினெட்டு வளைவுகள். புவனேந்திரன் அவற்றில் ஒன்றையும் திட்டாமல் விட்டதில்லை. இருபத்தேழு வருடமாக அதே பாதையில் பஸ் ஓட்டுகிற மனிதருக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி? ரோட்டுக்கு நடுவில் படுத்திருக்கும் மாட்டுக்கும், ஹோர்ன் அடித்தாலும் ஒதுங்காத ஓட்டோவுக்கும், மண்சரிந்து ஒரு மாதமாகியும் அள்ளாதவர்களுக்கும் தனித்தனியாக வசவு வைத்திருந்தார். பயணிகள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வருவார்கள்.

ஒரே ஒரு வளைவில் மட்டும் அவர் வாயைத் திறப்பதில்லை. பாதி இறக்கத்தில், ஏழாவது மைல்கல்லான ஏழாம் கட்டையில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற முனியாண்டி வளைவு அது. அங்கே பஸ் பத்து நிமிடம் நிற்கும். சனங்கள் இறங்கிப் பாறையடியில் சூலத்தோடு இருக்கும் கல்லைக் கும்பிடுவார்கள். நடத்துநர் ஷிராஸ் பஸ்ஸின் சில்லுகள் உருளாமல் முட்டுக் கொடுத்துவிட்டு, டிக்கெட் பையிலிருந்து கற்பூரப் பெட்டியை எடுத்து நீட்டுவான். ஐந்து வேளை தொழுகையைத் தவறவிடாத ஆள்தான். ஆனால் முனியாண்டியின் கற்பூரம் தீராமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. புவனேந்திரன் கும்பிடப் போகமாட்டார். ஒவ்வொரு சில்லுக்குப் பக்கத்திலும் குனிந்து, உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார். மூக்கை உறிஞ்சி வாடை பார்ப்பார். சாமியைச் சுற்றாமல் பஸ்ஸைச் சுற்றுகிறார் என்று சனங்கள் கேலி செய்வார்கள்.

அந்தச் சாமியின் கதை அவருக்குத்தான் தெரியும். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம், பாதி வழியில் பிரேக் சூடேறிக் கருகல் வாடை அடிக்கிறது, பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று மூத்த சாரதி ரெங்கசாமி பஸ் முதலாளி ஸமீமிடம் கேட்டார். "சூடாகுதுன்னா மெதுவா ஓட்டுங்க" என்று முதலாளி முடித்துவிட்டார். அடுத்த வாரம் ரெங்கசாமியும் புவனேந்திரனும் ஆற்றிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து ஏழாம் கட்டையில் நட்டார்கள். மஞ்சள் பூசிச் சூலம் குத்தினார்கள். ரெங்கசாமி மறுபடி முதலாளியிடம் போய், அது முனியாண்டி இருக்கிற இடம், நிறுத்தாமல் போனால் சனங்கள் பஸ்ஸில் ஏறமாட்டார்கள் என்றார். ஸமீம் முதலாளி உடனே பேனாவை எடுத்தார். "ஒங்க சாமி விஷயத்துல நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று சொல்லி, நேர அட்டவணையில் 'முனியாண்டி - 10 நிமிடம்' என்று எழுதிக் கொடுத்தார். பிரேக்குக்குக் கிடைக்காத பத்து நிமிடம் கல்லுக்குக் கிடைத்தது.

ரெங்கசாமி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. புவனேந்திரன் தன்னோடு ஓடுகிற சாரதிகளிடமும் ஷிராஸிடமும் தவிர வேறு யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பெண்டாட்டி தனுஜாவிடமும் சொல்லவில்லை. அவள் அந்தக் கல்லுக்கு நேர்ந்துகொண்டுதான் மகளைப் பெற்றாள்.

போன வருடம் ஸமீம் முதலாளியின் ஆறு பஸ்களும் பண்டாரவளைக் கம்பெனி ஒன்றின் இருபத்திரண்டு பஸ்களும் ஒரே கம்பெனியாயின. பதுளையில் கூட்டம் வைத்து, ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுத்து, இனி எல்லாரும் ஒரே குடும்பம் என்றார்கள். அந்தக் குடும்பத்தில் புவனேந்திரனுக்குக் கிடைத்தது இருபத்து மூன்றாவது இடம். மூப்புப் பட்டியலில் பண்டாரவளைச் சாரதிகள் எல்லாரையும் மேலே போட்டு, ஸமீமின் ஆட்களைக் கீழே தள்ளியிருந்தார்கள். நேற்று லைசன்ஸ் எடுத்தவனெல்லாம் அவருக்கு மூத்தவன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் போனது புது நேர அட்டவணையைத்தான். அதில் முனியாண்டியைக் காணவில்லை. போட்டவர் புது மேனேஜர் அஜந்தன். பெரிய ரோட்டில் ஓடும் பஸ்களை மட்டுமே பார்த்தவர். ஆனால் கெட்டவர் இல்லை, வில்லங்கமே அதுதான். சாரதிகள் ஆறு பேரும் போய்க் கேட்டபோது, எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்.

"சாமிய நாங்க விட்டுறல. மாசா மாசம் கம்பெனி செலவுல பூசை. ஒவ்வொரு பஸ்லயும் கண்ணாடி போட்ட முனியாண்டி படம். நீங்க ஓட்டிக்கிட்டே கும்பிட்டுக்கலாம்."

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமிக்குப் படம் வைக்கலாம். பிரேக்குக்கு என்ன படம் வைப்பது?

நடந்ததைக் கேட்ட ஷிராஸ், "உண்மையச் சொல்லிருவோம் அண்ணே" என்றான்.

"சொல்லிட்டு? தோட்டத்து லயத்துல தலகாட்ட முடியுமா? ஊரையே ஏமாத்துனவன்னு காறித் துப்புவாங்க."

அதனால் அவர் சொல்லவில்லை. நிறுத்திக்கொண்டே இருந்தார். கம்பெனியிலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. இனியும் நிறுத்தினால் வேலை இல்லை என்று இரண்டாவதில் இருந்தது. ஐம்பது வயதில் ஸ்டியரிங்கை விட்டால் வேறு எதைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை, இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக, ஏழாம் கட்டையில் நிறுத்தாமல் போனார்.

பதினாலாவது வளைவில் பிரேக் மிதி அடிவரை போயிற்று. பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, இன்னும் குறைத்து, பஸ்ஸின் பக்கவாட்டை மண்மேட்டில் உரசவிட்டு ஒருவழியாக நிறுத்தினார். லொறிக்கு வழி விடுகிறார் என்று சனங்கள் நினைத்தார்கள். பின் சீட்டில் பள்ளிப்பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிரேக் ஆறும்வரை அங்கேயே நின்று, முதல் கியரில் ஊர்ந்து ஹாலிஎலைக்கு வந்தவர், வாங்கிய டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார். பயம் பாதி, தன்மேலேயே வந்த ஆத்திரம் பாதி. ஒரு கடிதாசிக்குப் பயந்து இத்தனை உயிரையும் பணயம் வைத்தோமே என்று மனம் கொதித்தது.

அடுத்த நாள் அஜந்தனே பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். கையில் ஃபோன், அதில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் கட்டை வந்ததும் புவனேந்திரன் பஸ்ஸை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

"சாமிக்குத்தான் ஏற்பாடு செஞ்சாச்சே, புவனேந்திரன்."

"சாமிக்கு இல்ல சார். பிரேக்குக்கு."

புவனேந்திரன் சீட்டிலிருந்து எழுந்து சனங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் கல்லை ஆத்துலருந்து தூக்கியாந்து வச்சது ரெங்கசாமி அண்ணனும் நானும். பிரேக் ஆறணும்னு கேட்டோம், நேரம் குடுக்கல. சாமின்னு சொன்னோம், குடுத்தாங்க. திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க. ஆனா நேத்து நிறுத்தாம போனேன், கீழ பிரேக் புடிக்கல. மண்மேட்டுல ஒரசித்தான் நிறுத்துனேன். இனி ஆறாம எடுக்க மாட்டேன்."

பிறகு அஜந்தனைப் பின்சில்லுப் பக்கம் கூட்டிப்போனார். "கையை நீட்டுங்க சார். தொட வேணாம், கிட்ட கொண்டுபோனா போதும்."

அஜந்தன் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் மேனேஜர் மேனேஜராகத்தானே இருக்க வேண்டும். "மெக்கானிக்க அனுப்புறேன். இப்ப பஸ்ஸ எடுங்க" என்றார்.

புவனேந்திரன் சாவியை அவர் கையில் வைத்தார். "நீங்க எடுங்க."

கொழுந்து பறிக்கும் கருப்பம்மா முதல் ஆளாக இறங்கினாள். அவள் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். "ஒன்னய அப்புறம் கவனிச்சுக்கிறேன்" என்று புவனேந்திரனை முறைத்துவிட்டு, மேனேஜரிடம் திரும்பினாள். "ஆறட்டும் தொரை. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பஸ்ஸில் வந்த சனம் முழுதும் பாறையடியில் நின்றது. ஷிராஸிடம் கற்பூரம் வாங்கிக் கொளுத்தவும் செய்தார்கள். பத்து நிமிடம் கழித்து அஜந்தன் சாவியை நீட்டினார். ஹாலிஎலை தாண்டிப் பதுளையில் இறங்கியதும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வேலை இல்லை என்றார்.

புவனேந்திரன் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. தனுஜா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் முப்பது குழந்தைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள். அந்தப் பார்வை இப்போது அவர்மேல் இருந்தது.

"நான் நேர்ந்துகிட்டப்பவும் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"கல்லைத் தூக்கி வச்சது நீங்க. சாமியாக்குனது நாங்க. இனி அதப் பத்தி நீங்க பேசப்படாது." ரசத்தை ஊற்றினாள். "பிரேக்கப் பத்திப் பேசுங்க. அதையாவது பயப்படாம பேசுங்க."

விசாரணை மறுவாரம் பதுளை காரியாலயத்தில் நடந்தது. அதற்குள் மற்ற ஐந்து சாரதிகளும் மறுபடி ஏழாம் கட்டையில் நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். அஜந்தனுக்குப் பக்கத்தில், கம்பெனிப் பங்காளியாக, ஸமீம் முதலாளி உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிய மனிதர். அவர்தான் முதலில் கேட்டார்.

"ஏன் புவனேந்திரா, இருபத்தேழு வருசமா என்னைய ஏமாத்துனியா?"

"பிரேக்குக்குன்னு கேட்டப்ப நீங்க குடுத்தீங்களா மொதலாளி?"

அஜந்தன் இறங்கி வந்தார். பழையபடி பத்து நிமிடம் தருகிறோம், 'முனியாண்டி' என்றே போடுகிறோம் என்றார். பஸ்ஸில் பிரேக் பற்றிச் சொன்னது பொய் என்று ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். கம்பெனி பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்காது என்று வெளியே பேச்சு வந்தால் யார் ஏறுவார்கள்?

கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு கையெழுத்துப் போட்டால் வேலையும் கிடைத்துவிடும். போன மாதத்துப் புவனேந்திரன் என்றால் போட்டிருப்பார்.

"முனியாண்டின்னு போட வேணாம் சார். பிரேக்குன்னு போடுங்க. சாமின்னு போட்டா, அடுத்து வர்ற மேனேஜரும் சாமிக்கு வேற ஏற்பாடு செஞ்சுருவாரு."

"அது கம்பெனிக்கு அசிங்கம்."

"பஸ் பள்ளத்துல கெடந்தாத்தான் அசிங்கம்."

ஸமீம் முதலாளி அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தார். 'ஏழாம் கட்டை: பிரேக் ஆற 10 நிமிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அஜந்தன் மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். "நானும் பங்காளிதான். எழுதியாச்சு" என்றார் முதலாளி.

அஜந்தன் அப்போதும் விடவில்லை. "மன்னிப்புக் கடிதம்?"

புவனேந்திரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மன்னிப்புக் கேக்க வேண்டிய எடத்துல காலையிலேயே கேட்டுட்டேன் சார். ஏழாம் கட்டையில எறங்கி, விழுந்து கும்பிட்டுட்டுத்தான் வந்தேன். ஒங்ககிட்ட கேக்குறதுக்கு ஒண்ணுதான் இருக்கு. சாவியக் குடுங்க."

அஜந்தன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளப்பாறை பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அஜந்தன் மேசை லாச்சியை இழுத்துச் சாவியை எடுத்தார்.