பல்லு டாக்டர் மலை ஏறிய கதை

என் அக்காவைக் கட்டிய புண்ணியவானுக்கு எங்கள் தெருவில் பல்லு டாக்டர் என்று பெயர். யார் வாயையும் அவர் திறந்து பார்த்ததில்லை. திறப்பதெல்லாம் காரின் பின்சக்கரங்கள் இரண்டையும் சுழற்றும் பின்னச்சை. அங்கே ஒரு சின்னப் பல்சக்கரமும் ஒரு பெரியதும் கடித்துக்கொண்டு சுற்றும். பினியன், கிரவுன் என்போம். அந்தக் கடி முடியளவு பிசகினாலும் வண்டி ஊளையிடும். மாமா கைவைத்த வண்டி ஊளையிட்டதே இல்லை. அதனால் ரேஸ் ஓட்டுகிறவர்கள் டயர்க்கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஷெட்டைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

வந்து என்ன பிரயோஜனம்? தோற்றுவிட்டு வந்து, "ரேஷியோ சரியில்ல டாக்டர்" என்பார்கள். சின்னது எத்தனை சுற்றுச் சுற்றினால் பெரியது ஒரு சுற்று வரும் என்பதுதான் ரேஷியோ. எண் கூடினால் இழுவை கூடும், வேகம் சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைந்தால் நேர்மாறு. மாமா வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வார். ஆள் போனதும் என் பக்கம் திரும்பி, "ஓட்டத் தெரியல மாப்ள, பழிய என் பல்லு மேல போடுறான்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள், தானே மலைப்பந்தயத்தில் ஓட்டப்போவதாகச் சொன்னார். கார் கிளப்காரர்கள் வருஷத்துக்கு ஒருநாள் மலைச்சாலையை மூடிவிட்டு, ஒவ்வொரு வண்டியாக ஏற்றி நேரம் பார்ப்பார்கள். அதற்கு முந்தைய சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதே சாலையில் பயிற்சிக்கும் விடுவார்கள். அடுத்தவன் வண்டி ஏறுவதைக் கீழே நின்று பார்த்தே காலம் போய்விட்டது, ஒரு தடவையாவது தானும் ஏறிவிட வேண்டும் என்றார். அக்கா உடனே சரி என்றாள். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

முதலில் லிமிடெட் ஸ்லிப் போட்டார். என்ஜின் பலத்தை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். சாதா டிஃபரன்ஷியலில், வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகிவிட்டால் என்ஜின் பலமெல்லாம் அதற்கே போய், அது சும்மா சுற்றும். இதில் தட்டுகள் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். அதில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் ரேஷியோவில். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் டயர் அளவைக் கேட்டதும் பட்டென்று எண் சொல்கிறவர், தன் வண்டிக்கு முழி பிதுங்கி நின்றார்.

நாலு புள்ளி ஒன்று போட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் போய்வந்து, "ரெண்டாவது வளைவுக்கப்புறம் வண்டி மூச்சு வாங்குது" என்றார். நாலு புள்ளி ஏழு போட்டார். "மாத்தி மாத்திக் கியர் போட்டே கை ஓயுது" என்றார். நாலு புள்ளி நாலு. மறுபடி ஏழு. ஒவ்வொரு தடவையும் எண்ணெயை வடித்து, பின்னச்சைக் கழற்றி, பல்லில் கலர்ப் பேஸ்ட் தடவி, எங்கே கடிக்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்து, பழையபடி பூட்ட வேண்டும். வெளியே வாடிக்கையாளர் வண்டிகள் வரிசையாகத் தூசி தின்றுகொண்டிருந்தன. போனில் அவர்களுக்குப் பொய் சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்துவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் அக்கா முகத்துக்காக விழுங்கினேன்.

அக்காவுக்கும் வேலை வந்தது. புதுத் தட்டு போட்டால் வண்டியை மெதுவாக எட்டுப் போட்டுப் பழக்க வேண்டும். பக்கத்துக் குடோன் மைதானத்தில் அதைச் செய்வது எப்போதும் அவள்தான். ஷெட்டுக்கு வந்த அத்தனை ரேஸ் வண்டியும் அவள் கையால் எட்டுப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. அதை யாரும் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை, நானும்தான்.

கடைசிப் பயிற்சியன்று வண்டியில் மறுபடி நாலு புள்ளி நாலு. பின்னச்சுச் சத்தத்தை வெளியே நின்று கேட்க வேண்டும் என்று மாமா இரண்டாவது வளைவில் போய் நின்றுகொண்டு, அக்காவை ஏற்றி அனுப்பினார். நான் உச்சியில் நேரம் பார்க்கிறவர் பக்கத்தில் இருந்தேன். அவர் கடிகாரத்தை அமுக்கிவிட்டு, "டாக்டர் இன்னிக்குப் பரவாயில்லையே!" என்றார். மாமாவின் நல்ல நேரத்தைவிட நாலு வினாடி குறைவு.

மாமா மூச்சிரைக்க ஏறிவந்தார். விஷயத்தைச் சொன்னேன். நேராக வண்டிப் பக்கம் போனார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

"அந்த வளைவுக்கப்புறம் எந்த கியர்?"

"ரெண்டுதான். அடுத்த வளைவு வரைக்கும் ரெண்டே போதுமே."

"என்ஜின் கத்துமே?"

"கத்தட்டுமே. கத்தினா செத்தா போயிடும்?"

"எனக்குக் கேக்க முடியலம்மா. உள்ள பல்லு கதறுற மாதிரி இருக்கு. கை தானா மூணுக்குப் போயிடுது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மூணாவதில் வண்டி திணறாமல் என்ன செய்யும்! இதற்காகவா அத்தனை தடவை கழற்றி மாட்டினோம்? அவரோ கிளப் மேசையைப் பார்த்து நடந்தார். "பேர மாத்திடுறேன். நீயே ஓட்டு."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆசைப்பட்டது நீங்க. நான் ஓட்டினா உங்க ஆசை தீந்துடுமா? கடைசியா வந்தாலும் சரி, நீங்கதான் ஓட்டணும். ரெண்டுலயே வெச்சிருங்க, அவ்வளவுதான்."

பந்தயத்தன்று நானும் அக்காவும் அந்த வளைவுக்கு மேலே நின்றோம். கடைசிப் பயிற்சிக்குப் பிறகு மாமா ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. வண்டி வளைவைச் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது. இரண்டாவது கியர். கத்தல் ஏறியது, இன்னும் ஏறியது. "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்று அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டென்று சத்தம் தணிந்தது. மூணு.

கடைசிக்கு இரண்டு வண்டி முன்னால் வந்திருந்தார். நாங்கள் போனபோது ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தெரியும்மா. ரெண்டு ரெண்டுன்னு சொல்லிக்கிட்டேதான் வந்தேன். கை கேக்கல."

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அத்தனை நாள் அவர்மேல் சேர்த்துவைத்திருந்த கோபத்தை அங்கே தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு திட்டுத் திட்டிவிட்டாவது வீட்டுக்குப் போயிருக்கலாம்.